நாலு அங்குலம் பறந்த ராக்கெட்

நாசாவின் ஆரம்ப கால ராக்கெட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது நாலே நாலு அங்குலம் பறந்த ஒன்று. 1960 நவம்பர் 21, காலை 9 மணி. ஃபுளோரிடாவின் கேப் கனாவெரலில் ஐந்தாம் எண் ஏவுதளத்தில் மனிதனை விண்வெளிக்கு அனுப்ப அமெரிக்கா உருவாக்கிய மெர்க்குரி விண்கலத்தை, ஆள் யாரும் ஏறாமல், தலையில் சுமந்தபடி ஒரு ரெட்ஸ்டோன் ராக்கெட் நின்றது. எஞ்சின் பற்றிக்கொண்டது, ராக்கெட் மேடையை விட்டு நாலு அங்குலம் எழும்பியது, எஞ்சின் அணைந்தது, ராக்கெட் இருந்த இடத்திலேயே திரும்ப உட்கார்ந்தது. வெடிக்கவில்லை, சாயவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தவைதான் விசித்திரம். விண்கலத்தின் உச்சியில் ஒரு கோபுரம் இருக்கும். ராக்கெட்டுக்கு ஆபத்து வந்தால் விண்கலத்தைப் பிய்த்துக்கொண்டு தூரப் போவதற்கான தப்பிப்பு ராக்கெட் அது. அந்தக் கோபுரம் மட்டும் விண்கலத்தை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பி ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் போய், மேடையிலிருந்து 370 மீட்டர் தள்ளி விழுந்தது. மூன்று விநாடி கழித்து விண்கலத்தின் சிறு பாராசூட் வெளியே வந்தது. அடுத்து பெரிய பாராசூட். அதற்கும் அடுத்து, மாற்று பாராசூட். எல்லாம் ராக்கெட்டின் பக்கவாட்டில் துணியாகத் தொங்கின.

நடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் அந்த விண்கலம் முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை என்பது தெரியும். தனக்குக் கிடைத்த தகவலுக்குச் சரியாகத்தான் நடந்துகொண்டது. ராக்கெட்டின் வாலில் தரையோடு இணைக்கும் இரண்டு பிளக்குகள் இருந்தன. ஒன்று கட்டுப்பாட்டு சிக்னல்களுக்கானது, இன்னொன்று மின்சாரமும் எர்த்தும் தருவது. ராக்கெட் கிளம்பும்போது கட்டுப்பாட்டு பிளக் முதலில் கழல வேண்டும், எர்த் உள்ள பிளக் கடைசியில் கழல வேண்டும். ஆனால் அன்று மெர்க்குரிக்கென்று செய்த குட்டையான கேபிளுக்குப் பதிலாக, ராணுவ ரெட்ஸ்டோனின் நீளமான கட்டுப்பாட்டு கேபிளை மாட்டியிருந்தார்கள். நீளத்தைச் சரிக்கட்ட அதை ஒரு கிளாம்ப் போட்டுப் பிடித்தும் இருந்தார்கள். கிளாம்ப் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. எர்த் பிளக் முந்திக்கொண்டு கழன்றது. கட்டுப்பாட்டு பிளக் கழல மேலும் 29 மில்லி விநாடி ஆனது.

அந்த 29 மில்லி விநாடியில் எர்த் இல்லாததால் மின்சாரம் வேறு வழி தேடிக்கொண்டு ஒரு ரிலே வழியாகப் பாய்ந்தது. அந்த ரிலேயின் வேலை என்ன? ராக்கெட் தன் வேலையை முடித்ததும் எஞ்சினை நிறுத்துவது. ரிலே தட்டியது, எஞ்சின் நின்றது, ‘எஞ்சின் முறைப்படி நின்றுவிட்டது’ என்ற செய்தி விண்கலத்துக்குப் போனது. முறைப்படி நின்றிருந்தால் அடுத்த வேலை, இனித் தேவைப்படாத கோபுரத்தைக் கழற்றி எறிவது. எறிந்தது. அடுத்தது ராக்கெட்டிலிருந்து பிரிவது. அதற்கு முடுக்கம் பூஜ்ஜியமாக வேண்டும், ஆனால் தரையில் நின்றதால் கருவி 1 ஜி, அதாவது பூமியின் இயல்பான ஈர்ப்பைக் காட்டிக்கொண்டே இருந்தது. எனவே பிரியவில்லை. கோபுரம் போய்விட்டது, காற்றழுத்தமோ 10,000 அடிக்குக் கீழே இருப்பதாகச் சொன்னது. அப்படியானால் பாராசூட்டைத் திற. திறந்தது. பெரிய பாராசூட்டின் கயிற்றில் எடை ஏறவில்லை. அது கிழிந்திருக்க வேண்டும், மாற்றுப் பாராசூட்டைத் திற. அதையும் திறந்தது.

மேடையில் இப்போது ஆல்கஹாலும் திரவ ஆக்சிஜனும் நிரம்பிய ஒரு ராக்கெட், பிடிமானம் எதுவும் இல்லாமல், தரையோடு ஒரு கம்பித் தொடர்பும் இல்லாமல் நிற்கிறது. காற்று கொஞ்சம் பலமாக வீசிப் பாராசூட்டுகள் விரிந்தால் மொத்தத்தையும் இழுத்துச் சாய்த்துவிடும். துப்பாக்கியால் சுட்டு டேங்கில் ஓட்டை போட்டு அழுத்தத்தை இறக்கலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. யாராவது அருகில் போய் கேபிளைத் திரும்ப மாட்டலாம் என்று இன்னொன்று. இரண்டையும் ஒதுக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். மறுநாள் காலைக்குள் பேட்டரிகள் தீர்ந்தன, திரவ ஆக்சிஜன் ஆவியாகிப் போனது, அதன் பிறகே ஆட்கள் போய் ராக்கெட்டைச் செயலிழக்கச் செய்தார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதே சரியான செயல் என்ற முடிவுக்கு வர எவ்வளவு நிதானம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

தீர்வு இரண்டு. மற்ற எல்லாத் தொடர்பும் அறுந்த பிறகே கழலும்படி சுமார் ஒரு அடி நீளத்துக்குத் தனி எர்த் பட்டை ஒன்றைச் சேர்த்தார்கள். ராக்கெட் கிளம்பி ஏறத்தாழ 130 விநாடி ஆகும் வரை ‘எஞ்சின் முறைப்படி நின்றது’ என்ற செய்தி விண்கலத்தை எட்டவே முடியாதபடி வயரிங்கை மாற்றினார்கள். அதே விண்கலத்தை வேறொரு ரெட்ஸ்டோனில் ஏற்றி டிசம்பர் 19 அன்று ஏவினார்கள். 210 கிலோமீட்டர் உயரம் போய்ப் பத்திரமாகக் கடலில் இறங்கியது. கோளாறிலிருந்து பறத்தல் வரை 28 நாள்.

ஆரம்ப கால அமெரிக்க விண்வெளித் திட்டம் ஊட்டிய நம்பிக்கை என்று எதைச் சொல்கிறார்களோ, அது என்னைப் பொறுத்தவரை இந்த 28 நாளில் இருக்கிறது. வெள்ளி உடை போட்ட முதல் ஏழு விண்வெளி வீரர்களின் படங்களில் இருப்பதைவிட இதில்தான் அதிகம் இருக்கிறது. உலகம் பார்க்கத் தோற்று, தோற்றதற்கான காரணத்தை ஒரு கேபிளின் நீளம் வரை தேடிப் போய்க் கண்டுபிடித்து, அதை மாற்றி, மறுபடி மேடையேறினார்கள். இது மனிதர்களால் முடிகிற வேலை என்று பார்த்தவர்களுக்குப் புரிந்தது.

தோல்வியை மறைக்க அவர்களுக்கு வழியும் இல்லை. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவிய செய்தி, ஏவிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதன் தலைமைப் பொறியாளர் செர்கேய் கரலேவின் பெயர்கூட 1966இல் அவர் இறந்த பிறகே வெளியே வந்தது. அமெரிக்காவோ 1957 டிசம்பர் 6 அன்று வான்கார்ட் ராக்கெட்டைப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஏவியது. இரண்டு விநாடி, சுமார் நாலு அடி உயரம், அவ்வளவுதான். திரும்ப விழுந்து தீப்பிழம்பானது. ஒன்றரைக் கிலோ எடைகூட இல்லாத அந்தக் குட்டிச் செயற்கைக்கோள் நெருப்பிலிருந்து தூக்கி எறியப்பட்டு, தரையில் கிடந்தபடியே சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தது. செய்தித்தாள்கள் கேலிப் பெயர்களாகச் சூட்டித் தள்ளின. எட்டு வாரத்தில், 1958 ஜனவரி 31 இரவு, வேறொரு ராக்கெட்டில் எக்ஸ்ப்ளோரர்-1 சுற்றுப்பாதைக்குப் போய், ஜேம்ஸ் வான் ஆலன் பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டையைக் கண்டறிய வழி செய்தது.

அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று நாசா செயல்படத் தொடங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 2 அன்று, தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டமும் கையெழுத்தானது. கணிதம், அறிவியல், அயல்மொழிகள் படிப்பவர்களுக்கு மத்திய அரசு பணம் ஒதுக்கியது. நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தமிழ் உள்ளிட்ட தெற்காசிய மொழிகள் கற்பிக்கப்பட்டதற்கு அந்தச் சட்டத்தின் பணமும் ஒரு காரணம். ஸ்புட்னிக் கொடுத்த அதிர்ச்சி தமிழ் இலக்கண வகுப்பு வரைக்கும் போயிருக்கிறது.

மெர்க்குரி திட்டத்தின் இலக்கு சுருக்கமானது. ஒரு மனிதனைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பு, அவனால் அங்கே வேலை செய்ய முடிகிறதா பார், உயிரோடு கொண்டு வா. ராபர்ட் கில்ரூத் தலைமையில் வர்ஜீனியாவின் லாங்லியில் இருந்த குழு இதை எடுத்துக்கொண்டது. விண்கலத்தின் வடிவம் மேக்ஸ் ஃபஜேயுடையது. கூர்மையான மூக்கு இருந்தால்தான் வேகமாகப் போகலாம் என்பது விமானப் பொறியாளர்களின் பழக்கம். ஆனால் திரும்பி வரும்போது தேவை வேகம் அல்ல, வேகத்தைத் தொலைப்பது. மழுங்கிய அடிப்பகுதியைக் காற்றுக்குக் காட்டினால் அதிர்வலை உடலை விட்டுத் தள்ளி நிற்கும், வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு விலகிப் போகும் என்று ஹெச். ஜூலியன் ஆலன் 1950களின் தொடக்கத்திலேயே காட்டியிருந்தார். ஃபஜே அதை எடுத்துக்கொண்டார். அடிப்பாகம் 1.9 மீட்டர் அகலம், உள்ளே ஒருவர் மட்டும் உட்காரலாம். செயின்ட் லூயிஸில் மெக்டானல் நிறுவனம் கட்டியது.

அடியில் வெப்பக் கவசம். சுற்றுப்பாதைப் பயணங்களுக்குக் கண்ணாடியிழையும் பிசினும் கலந்த கவசம். சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி ஆவியாகும், ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டு போய்விடும். கவசத்தின் நடுவில் மூன்று பட்டைகளால் கட்டிய ஒரு பொதி. அதில் வேகத்தைக் குறைக்கும் மூன்று ரெட்ரோ ராக்கெட்டுகள். ஐந்து விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றி, ஒவ்வொன்றும் சுமார் பத்து விநாடி எரியும். மூன்றும் சேர்ந்து குறைப்பது விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகம்தான். விண்கலத்தின் வேகம் விநாடிக்கு 7.8 கிலோமீட்டர். அதில் ஐம்பதில் ஒரு பங்கைக் குறைத்தாலே பாதை வளைந்து வளிமண்டலத்துக்குள் இறங்கிவிடும், மீதி வேகத்தைக் காற்றே தின்றுவிடும். கவசத்துக்கும் வீரர் உட்காரும் கூண்டுக்கும் நடுவே மடித்து வைத்த ஒரு பை உண்டு. பாராசூட்டில் இறங்கும்போது கவசம் நாலு அடி கீழே இறங்கிப் பை விரியும், கடலில் மோதும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். இந்தப் பையை நினைவில் வையுங்கள்.

திசை திருப்ப ஹைட்ரஜன் பெராக்சைடு உந்திகள். 90 சதவீதச் செறிவுள்ள பெராக்சைடு வினையூக்கியின் மேல் பட்டதும் சூடான நீராவியும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து சீறும். உள்ளே சுவாசிக்கத் தூய ஆக்சிஜன், கடல் மட்டக் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

1961 ஜனவரி 31 அன்று ஹாம் என்ற சிம்பன்சி போனது. எஞ்சின் வேண்டியதைவிட அதிக விசையோடு எரிந்து எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்தது. எஞ்சினுக்கான திரவ ஆக்சிஜன் தீர்ந்து அழுத்தம் விழுந்ததும் ஆபத்து என்று உணர்ந்த கருவி தப்பிப்புக் கோபுரத்தை இயக்க, அதன் வேகமும் கூடிக்கொண்டது. திட்டமிட்டதைத் தாண்டி 253 கிலோமீட்டர் உயரம், 679 கிலோமீட்டர் தூரம். அதிர்வில் ஒரு வால்வு தளர்ந்து கூண்டின் அழுத்தம் இறங்கியது. ஹாம் தனி அழுத்தப் பெட்டிக்குள் இருந்ததால் பிழைத்தது. கடலில் கவசம் திரும்ப மோதிக் கூண்டில் ஓட்டை போட்டது, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, ஹெலிகாப்டர் வந்து தூக்கியது.

ஹாம் பிழைத்துவிட்டது, அடுத்தது மனிதன் போகலாம் என்று பலர் சொன்னார்கள். ரெட்ஸ்டோனை உருவாக்கிய குழுவின் தலைவர் வெர்ன்ஹர் ஃபான் பிரவுன் மறுத்தார். ராக்கெட்டைச் சரிசெய்து இன்னொரு ஆளில்லாச் சோதனை வேண்டும் என்றார். மார்ச் 24 அன்று அந்தச் சோதனை ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. அதே நாளில் விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட் உள்ளே இருந்திருந்தால் விண்வெளிக்குப் போன முதல் மனிதர் அவர்தான். 19 நாள் கழித்து, ஏப்ரல் 12 அன்று, யூரி ககாரின் பூமியைச் சுற்றிவிட்டார். இன்றும் சிலர் அந்த முடிவைக் கோழைத்தனம் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ராக்கெட் சரியாகப் போகும் என்பது சோதனைக்குப் பிறகு தெரிந்த விஷயம். முடிவெடுக்கும்போது கையில் இருந்தது ஹாமின் ஓட்டை விழுந்த விண்கலம் மட்டுமே.

மே 5 அன்று ஆலன் ஷெப்பர்ட் நாலு மணி நேரத்துக்கு மேல் மல்லாந்து கிடந்து காத்திருந்தார். மேகம் ஒரு தடை, ராக்கெட்டில் ஒரு இன்வெர்ட்டரை மாற்ற வேண்டி வந்தது இன்னொரு தடை. பிறகு பதினைந்து நிமிடப் பயணம், 187 கிலோமீட்டர் உயரம். தொலைக்காட்சியில் நேரலை. ககாரின் பூமியையே சுற்றினார், இவர் போய்த் திரும்பியது ஒரு வில் பாதை. ஆனால் ஷெப்பர்ட் கைப்பிடியால் விண்கலத்தை மேலும் கீழும், பக்கவாட்டிலும், உருட்டியும் ஒவ்வொரு அச்சாகத் தானே திருப்பிப் பார்த்தார். இருபதே நாளில், மே 25 அன்று, கென்னடி நாடாளுமன்றத்தில் நின்று இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நிலவுக்கு மனிதனை அனுப்பித் திரும்பக் கொண்டுவருவோம் என்று அறிவித்தார். மனித விண்பயணத்தில் அந்த நாட்டின் மொத்த அனுபவம் அன்றைக்குப் பதினைந்து நிமிடம்.

ஜூலை 21 அன்று கஸ் கிரிஸமின் விண்கலம் கடலில் இறங்கிய பின் கதவு தானாக வெடித்துத் திறந்தது. எழுபது போல்ட்டுகளையும் ஒரே நொடியில் உடைக்கும் வெடிகயிறு கொண்ட புதுக் கதவு அது. விண்கலம் மூழ்கியது. கிரிஸமும் கிட்டத்தட்ட மூழ்கினார், உடையில் ஒரு ஆக்சிஜன் துளை மூடாமல் இருந்ததால் உள்ளே நீர் ஏறியது. பதற்றத்தில் அவரே பொத்தானை அழுத்தியிருப்பார் என்ற சந்தேகம் அவரை விடவில்லை. 1962 அக்டோபரில் வாலி ஷிரா தன் பயணம் முடிந்து கப்பல் மேல்தளத்துக்கு வந்த பின் வேண்டுமென்றே அந்தப் பொத்தானை அடித்துக் கதவைத் திறந்தார். அடித்த வேகத்தில் பொத்தான் திருப்பி உதைத்துக் கையில் காயம். கிரிஸமின் கையில் அப்படி ஒரு கீறலும் இருந்ததில்லை. ஒரு நண்பனுக்காகச் செய்த பரிசோதனை என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

சுற்றுப்பாதைக்குப் போக ரெட்ஸ்டோனுக்குப் பலம் போதாது, அட்லஸ் ராக்கெட் வேண்டும். அட்லஸின் உடல் மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகடு. காற்றடித்த சைக்கிள் டியூப் மாதிரி, உள்ளழுத்தம் இருக்கும் வரைதான் அதற்கு விறைப்பு. 1960 ஜூலை 29 அன்று முதல் மெர்க்குரி-அட்லஸ் கிளம்பி 58 விநாடியில் மேகத்துக்குள் சிதறியது. விண்கலமும் ராக்கெட்டும் சேரும் கழுத்துப் பகுதி பலவீனம் என்று கணித்து, அடுத்த அட்லஸின் கழுத்தில் ஒரு எஃகு வளையத்தை இறுக்கிக் கட்டினார்கள். 1961 பிப்ரவரி 21 அன்று அது தாங்கியது. பிறகு செய்த அட்லஸ்களில் அந்த இடத்தில் தடித்த தகடே வந்தது.

1962 பிப்ரவரி 20, ஜான் கிளென். பயணத்துக்கு முன் கணினி தந்த பாதைக் கணக்கை லாங்லியின் கணித வல்லுநர் கேத்ரின் ஜான்சன் கையால் சரிபார்க்க வேண்டும் என்று அவர் கேட்டார். ஜான்சன் மேசைக் கால்குலேட்டரில் அதே சமன்பாடுகளை எண் எண்ணாகப் போட்டுச் சரிபார்த்தார். 1960இல் டெட் ஸ்கோபின்ஸ்கியோடு சேர்ந்து, பூமியில் குறித்த ஓர் இடத்துக்கு மேலே செயற்கைக்கோள் வர வேண்டுமானால் எஞ்சின் அணையும்போது எந்தத் திசைக்கோணம் வேண்டும் என்ற அறிக்கையை எழுதியவரும் அவரே. அவர் லாங்லியில் சேர்ந்த காலத்தில் கணக்குப் போடும் கறுப்பினப் பெண்களுக்குத் தனிப் பிரிவு, சாப்பிடவும் தனி மேசை. அந்தத் திட்டம் தந்த நம்பிக்கை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஏழு விண்வெளி வீரர்களும் வெள்ளை இன ஆண்கள். ஜெட் விமானச் சோதனை விமானியாக இருக்க வேண்டும் என்பது விதி, அந்தப் பயிற்சிப் பள்ளியிலோ பெண்களுக்கு இடமில்லை. ஜெர்ரி காப் உட்பட 13 பெண்கள் அதே மருத்துவச் சோதனைகளில் தேறியும் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். ஒரு அமெரிக்கப் பெண் விண்வெளிக்குப் போக 1983 வரை ஆனது.

கிளென்னின் முதல் சுற்று முடியும் தறுவாயில் ஒரு சிறு உந்தி அடைத்துக்கொண்டு விண்கலம் பக்கவாட்டில் நழுவத் தொடங்கியது. அவர் தானியங்கியை விலக்கிக் கையால் ஓட்டினார். அதைவிடப் பெரிய கவலை தரையில் இருந்தது. விண்கலம் ரேடியோவில் தானாக அனுப்பும் தகவலான டெலிமெட்ரியின் 51ஆம் பகுதி, தரையிறங்கும் பை விரிந்துவிட்டது என்று காட்டியது. அதாவது வெப்பக் கவசம் கொக்கியை விட்டுக் கழன்றுவிட்டது. உண்மையானால், 1,600 டிகிரி செல்சியஸ் சூட்டில் கவசம் இல்லாமல் ஒரு மனிதன் இறங்கப் போகிறான். பொய்யானால், ஒரு கெட்ட ஸ்விட்ச்.

கவசத்தைப் பிடித்துக்கொண்டிருக்க ஒரே வழி, அதன் மேல் கட்டியிருந்த ரெட்ரோ பொதியைக் கழற்றாமல் அப்படியே விடுவது. காற்றின் அழுத்தம் ஏறும் வரை பட்டைகள் பிடிக்கும், அதன் பிறகு காற்றே கவசத்தை அழுத்திப் பிடிக்கும். தரையிலிருந்து பயணத்தை இயக்கிய கிறிஸ் கிராஃப்ட்டுக்கு இது பிடிக்கவில்லை, எரியும் பொதியின் துண்டுகள் கவசத்தைக் காயப்படுத்தலாம். ஃபஜேயிடம் கேட்டார்கள். மூன்று ரெட்ரோ ராக்கெட்டுகளும் முழுதாக எரிந்திருந்தால் சரி என்றார். ஒன்று எரியாமல் மிஞ்சினாலும் சூட்டில் வெடித்துவிடும். கிளென்னிடம் நேராகச் சொல்லாமல், பை ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா, ஏதாவது தட்டும் சத்தம் கேட்கிறதா என்று நிலையத்துக்கு நிலையம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஹவாயில் ஸ்விட்சைத் தானியங்கிக்குத் திருப்பிப் பார்க்கச் சொன்னபோது விளக்கு எரியவில்லை. கேட்ட கேள்விகளிலிருந்தே என்ன சந்தேகம் என்று கிளென் ஊகித்துவிட்டார். கலிஃபோர்னியாவை நெருங்கும்போது மூன்று ரெட்ரோவும் ஒழுங்காக எரிந்தன. டெக்ஸஸைத் தாண்டும் வரை பொதியைக் கழற்ற வேண்டாம் என்று ஷிரா சொன்னார். இறங்கும்போது ஜன்னலுக்கு வெளியே எரியும் துண்டுகள் பறந்து போவதைக் கிளென் பார்த்தார். அவை பொதியின் துண்டுகளா, கவசத்தின் துண்டுகளா என்று அறிய அவருக்கு வழியில்லை.

கவசம் இம்மியும் அசையவில்லை. பிரித்துப் பார்த்ததில் பை விரிந்ததைக் காட்டும் ஸ்விட்சின் தண்டு தளர்ந்திருந்தது. ஆட்டினால் தொடர்பு விட்டுவிட்டு வந்தது. குறித்த இடத்துக்கு 64 கிலோமீட்டர் முன்னதாக விண்கலம் விழுந்ததற்கும் காரணம் கிடைத்தது: பயணத்தில் செலவான எரிபொருளும் பிறவும் குறைந்ததால் எடை மாறும், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. விண்வெளி வீரரிடம் தகவலை மறைத்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கிளென்னும் பிறகு அதைக் கண்டித்தார்.

அடுத்து ஸ்காட் கார்ப்பென்டர், 1962 மே 24. இவர் 400 கிலோமீட்டர் தள்ளிப் போய் விழுந்தார். பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர்கள் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடலாம். ரெட்ரோ எரியும்போது விண்கலம் 25 டிகிரி பக்கவாட்டில் திரும்பியிருந்தது, அதனால் 175 மைல். ரெட்ரோக்களின் விசை 3 சதவீதம் குறைவு, அதனால் 60 மைல். தானியங்கி இயங்காமல் கையால் அழுத்தியதில் 3 விநாடி தாமதம், அதனால் 15 மைல். கூட்டினால் 250 மைல். விநாடிக்கு ஐந்து மைல் ஓடும் ஒன்றில் ஒவ்வொரு விநாடிக்கும் என்ன விலை என்பது இந்த மூன்று எண்களில் தெரிகிறது. கிளென் தன் பயணத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்த, ‘மின்மினிகள்’ என்று அழைத்த ஒளிரும் துகள்கள் என்னவென்று கண்டுபிடித்ததும் கார்ப்பென்டர்தான். சுவரைத் தட்டினார், மின்மினிகள் பறந்தன. வெளிச்சுவரில் படிந்த உறைபனித் துகள்கள் அவை.

ஷிராவின் ஆறு சுற்றும் பொறியாளர்கள் விரும்பும்படி சுவாரசியமில்லாமல் முடிந்தன. கடைசிப் பயணம் கார்டன் கூப்பருடையது, 1963 மே 15, 16. இருபத்திரண்டு சுற்று, 34 மணி நேரம். பத்தொன்பதாவது சுற்றில், வளிமண்டலத்தைத் தொட்டுவிட்டோம் என்று சொல்லும் விளக்கு காரணமில்லாமல் எரிந்தது. மின்கருவிகளில் ஈரம் புகுந்திருந்தது. இருபத்தொன்றாவது சுற்றில் ஷார்ட் சர்க்யூட், தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் போயிற்று. கூண்டில் சூடு ஏறியது, கரியமில வாயு கூடியது. கூப்பர் ஜன்னலில் போட்டிருந்த கோட்டைப் பூமியின் விளிம்போடு பொருத்தி, மூக்கைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொண்டார். ஜப்பானுக்கு அருகே கப்பலில் இருந்த கிளென் ரேடியோவில் எண்ணிக்கை சொன்னார். கூப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்து ரெட்ரோக்களைப் பற்றவைத்தார். மீட்புக் கப்பலிலிருந்து ஆறரைக் கிலோமீட்டரில் இறங்கினார். தானியங்கிகள் அதுவரை சாதித்த எதையும்விடத் துல்லியம்.

இதற்கிடையே, நாலு அங்குல ராக்கெட்டுக்குச் சரியாக மூன்று ஆண்டு கழித்து, 1963 நவம்பர் 21 அன்று, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவிலிருந்து நாசா தந்த நைக்கி-அப்பாச்சி ராக்கெட் எழும்பியது. அதை ஏவிய இந்தியப் பொறியாளர்களில் சிலர் அதே ஆண்டு நாசாவின் மையங்களில் பயிற்சி பெற்று வந்தவர்கள். ராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்களில் ஒருவர்.

மெர்க்குரியில் இன்னொரு பயணத்துக்கு விண்கலம் தயாராக இருந்தது. ஆனால் 1963 ஜூன் 12 அன்று நாசாவின் தலைவர் ஜேம்ஸ் வெப் திட்டம் முடிந்தது என்று செனட் குழுவிடம் சொல்லிவிட்டார். ஆறு மனிதப் பயணங்கள், எல்லாம் சேர்த்துச் சுமார் 54 மணி நேரம். அடுத்த விண்கலமான ஜெமினியை வடிவமைத்த ஜிம் சேம்பர்லின், மெர்க்குரி தொழிற்கூடத்தில் ஆட்கள் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவர். மெர்க்குரியில் கருவிகள் எல்லாம் கூண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ஒரு கருவி கெட்டால் அதை எட்ட, நன்றாக வேலை செய்யும் நாலு கருவிகளைக் கழற்ற வேண்டும், பிறகு அந்த நாலையும் மறுபடி சோதிக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். ஜெமினியில் சேம்பர்லின் பெரும்பாலான கருவிகளைக் கூண்டுக்கு வெளியே, தனித்தனி அறைகளில் வைத்தார். வெளியிலிருந்து கதவைத் திறந்து பழுதானதை மட்டும் உருவி எடுத்து, வேறொன்றைச் செருகி, மூடிவிடலாம்.